கரண்ட் வந்தும் ஓடாத பிரிட்ஜ்: யாங்கோன் நாலாம் மாடி வீடொன்றின் பழுதுபார்ப்புப் பதிவு

வீடு யாங்கோன் தாம்வே பக்கம், லிப்ட் இல்லாத பழைய கட்டடத்தின் நாலாம் மாடி. எல்லா வீட்டு மீட்டரும் தரைத்தளப் படிக்கட்டு ஓரம் வரிசையாக இருக்கின்றன. அங்கிருந்து வீட்டு மெயின் சுவிட்ச் வரை 28 மீட்டர் வயர் ஏறி வருகிறது. நான்கு மணி நேரம் கரண்ட் போய் மாலையில் திரும்பி வந்ததும் நான்கு சாமான்கள் ஒன்றாகப் படுத்துவிட்டன. பிரிட்ஜ் உறுமுகிறது, பத்துப் பதினைந்து விநாடியில் "டிக்" என்று அடங்குகிறது, சில நிமிடம் கழித்து மறுபடி உறுமுகிறது. ரைஸ் குக்கரில் விளக்கே எரியவில்லை. டிவியும் அப்படித்தான். தண்ணீர் மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை. இவை போக, இன்வர்ட்டர் பேட்டரி ஒரு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை என்ற பழைய புகாரும் உண்டு. பிரிட்ஜுக்கு "கம்ப்ரசர் போச்சு" என்று ஏற்கெனவே ஒருவர் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

நான்கு சாமான் ஒரே மாலையில் தனித்தனியாகச் சாவது அபூர்வம். நான்குக்கும் பொதுவாக இருப்பது வயரும் அதில் வரும் வோல்டேஜும்தான். ஆகவே எந்தச் சாமானின் மூடியையும் கழற்றும் முன் மீட்டரடியிலிருந்து தொடங்கப்பட்டது. இந்த வரிசையை மாற்றிச் செய்தால், புது உதிரியைப் போட்டு அதையும் அதே வயரில் எரிக்க நேரும்.

கையில் இருந்தவை: டிஜிட்டல் மல்டிமீட்டர், வயரைக் கவ்விக் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டர், ஹோல்டரோடு 60 வாட் குண்டு பல்பு ஒன்று, சோதிக்கும் சாமானுக்குத் தொடராக அதே பல்பை வைத்த சீரியல் போர்டு, 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர், 1500 வாட் மின் கெட்டில். கெட்டில் வெந்நீருக்கு அல்ல, லோடுக்கு. 220 வோல்ட்டில் 1500 வாட் என்றால் அதன் ஓம் சுமார் 32. மோட்டார் போல ஏறி இறங்காமல் ஒரே அளவாகக் கரண்ட் இழுக்கும் என்பதால் வயரைச் சோதிக்க இதைவிட நல்ல கருவி வீட்டில் கிடையாது.

வயர்

முதல் அளவு லோடு இல்லாமல். மீட்டரடியில் 206 வோல்ட், நாலாம் மாடி பிளக்கில் 206. இதோடு நிறுத்தினால் "வோல்டேஜ் சரியாகத்தான் வருது" என்று தோன்றும். பர்மாவின் சப்ளை 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 206 சற்றுக் குறைவு, ஆனால் எந்தச் சாமானும் ஓடும் அளவுதான். லோடு இல்லாத வயரில் எத்தனை கருகிய ஜாயின்ட் இருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைத்தான் காட்டும். கரண்ட் ஓடினால்தான் இழப்பு தெரியும்.

கெட்டிலைப் போட்டதும் மீட்டரடியில் 202, பிளக்கில் 179. கிளாம்ப் மீட்டரில் 5.5 ஆம்பியர். இடையில் 23 வோல்ட் காணாமல் போகிறது.

வயர் தானே எவ்வளவு தின்னும் என்று முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். ஏறி வருவது பழைய அங்குலக் கணக்கில் 3/029, அதாவது 0.029 அங்குல இழை மூன்று. மொத்தம் சுமார் 1.28 சதுர மில்லிமீட்டர் செம்பு, கிலோமீட்டருக்குச் சுமார் 13.5 ஓம். போக 28, வர 28, ஆக 56 மீட்டருக்கு 0.76 ஓம். 5.5 ஆம்பியரில் 4 வோல்ட் சொச்சம். மீதி 19 வோல்ட் வயரில் இல்லை, ஏதோ இணைப்பில் இருக்கிறது.

தேடும் முறை எளிது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, கெட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு இணைப்பின் இருபக்கமும் இரண்டு முனைகளையும் வைப்பது. நல்ல இணைப்பு 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டாது. பீங்கான் பியூஸ் பிடியில் 5 வோல்ட் இருந்தது. மெயின் சுவிட்சுக்கு மேலே, டேப் சுற்றிய நியூட்ரல் ஜாயின்ட்டில் 14 வோல்ட். 14ஐ 5.5 ஆல் பெருக்கினால் 77 வாட். சாதாரண சால்டரிங் அயர்ன் ஒன்றைவிட அதிகச் சூடு, ஒரு டேப் சுற்றுக்குள். டேப்பைப் பிரித்தபோது இன்சுலேஷன் பொடிப்பொடியாக உதிர்ந்தது. உயிர் வயரில் செய்யும் இந்த அளவீட்டுக்கு இன்சுலேஷன் நன்றாக உள்ள முனைகள் வேண்டும், காலடியில் காய்ந்த பலகை வேண்டும், ஒரு கை சட்டைப் பைக்குள் இருக்க வேண்டும். பழக்கமில்லாதவர் மெயினை அணைத்துவிட்டு, கருகல், பச்சைக் களிம்பு, தளர்ந்த ஸ்க்ரூ ஆகியவற்றைக் கண்ணால் தேடினாலே பாதி வேலை முடியும்.

ஜாயின்ட் கெட்டதற்குக் காரணம் செம்பையும் அலுமினியத்தையும் நேரடியாக முறுக்கியிருந்தது. அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு மின்சாரம் கடத்தாது. சூட்டில் விரிந்து சுருங்கும்போது அலுமினியம் நசுங்கித் தளர்ந்தும் போகும். தளர்ந்தால் சூடு, சூடானால் இன்னும் தளர்வு. இரு பக்கமும் 5 சென்டிமீட்டர் வெட்டி, பளபளக்கும் உலோகம் வந்த பிறகு, செம்பு-அலுமினியம் இரண்டுக்குமென்றே வரும் இருஉலோகக் கனெக்டரில் பேஸ்ட் தடவி இறுக்கி, மூடியுள்ள பெட்டிக்குள் வைக்கப்பட்டது. பியூஸ் பிடியின் செம்புத் தகடுகள் உப்புத்தாளில் தேய்த்து, தளர்ந்த தகடு குறடால் சற்று நெருக்கப்பட்டது. பியூஸ் வயர் பழைய அளவிலேயே போடப்பட்டது. "அடிக்கடி போகுது" என்று இரண்டு இழையாகக் கட்டும் பழக்கம் வேண்டவே வேண்டாம். 3/029 வயர் பியூஸாக மாறிவிடும், அதுவும் சுவருக்குள்.

பழுதுக்குப் பின் அதே கெட்டில்: மீட்டரடியில் 202, பிளக்கில் 197, கரண்ட் 6.1 ஆம்பியர். இழப்பு 5 வோல்ட், வயரின் கணக்கோடு ஒத்துப்போகிறது. அப்படி ஒத்துப்போனால்தான் வேறு ஒளிந்த ஜாயின்ட் இல்லை என்று நம்பலாம்.

நியூட்ரல் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டு நியூட்ரல் முழுதாக அறுந்தால் எதுவும் ஓடாது, ஆனால் பிளக்கின் இரண்டு துளையிலும் டெஸ்டர் எரியும். "கரண்ட் இருக்கு, சாமான்தான் கெட்டுது" என்று ஏமாறுவது இங்கேதான். டிஜிட்டல் மீட்டரும் ஏமாற்றும். அதன் உள்தடை 10 மெகா ஓம் என்பதால், அறுந்த வயரில் பக்கத்து வயரின் தூண்டலே 80, 100 வோல்ட் என்று காட்டும். சந்தேகம் வந்தால் 60 வாட் குண்டு பல்பை அந்த இரு வயருக்கிடையே வையுங்கள். உண்மையான வோல்ட் என்றால் எரியும், பேய் வோல்ட் என்றால் மீட்டர் எண் உடனே சுழியத்துக்கு விழும்.

கட்டடத்துக்கு வரும் மூன்று பேஸ் லைனின் நியூட்ரல் தெருப்பக்கம் அறுந்தால் நிலைமை வேறு. ஒரு வீட்டில் பல்பு மங்கும், அடுத்த வீட்டில் கண் கூசும். லோடு குறைந்த வீட்டுக்கு 300 வோல்ட்டுக்கு மேலும் ஏறலாம். பல்பு திடீரெனப் பிரகாசித்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: ஓடிப்போய் மெயினை அணைத்து, பக்கத்து வீடுகளுக்கும் குரல் கொடுப்பது. மீட்டருக்கு முந்தின பகுதியும் சீல் வைத்த மூடியும் டவுன்ஷிப் மின்சார அலுவலகத்தார் தொட வேண்டியவை. அங்கே கை வைக்கக் கூடாது.

கரண்ட் வந்த முதல் பதினைந்து நிமிடம்

ஜாயின்ட் சரியான பிறகும், அடுத்த முறை கரண்ட் போய் வந்தபோது அளந்ததில் மீட்டரடியிலேயே 168 வோல்ட்தான். கால் மணி நேரத்தில் 190, நாற்பது நிமிடத்தில் 204. இது வீட்டுக் கோளாறு அல்ல. "மீ லா பி!" (கரண்ட் வந்தாச்சு!) என்று தெருவில் குரல் எழும் அதே நிமிடம், கட்டடம் முழுக்கத் தண்ணீர் மோட்டார்கள் ஒன்றாகப் போடப்படுகின்றன. மேல்மாடித் தொட்டிகள் நான்கு மணி நேரமாகக் காலி. அதோடு ஒவ்வொரு வீட்டு இன்வர்ட்டரும் சார்ஜ் இழுக்கிறது, ரைஸ் குக்கரும் ஏறுகிறது. டிரான்ஸ்பார்மரிலும் தெரு வயரிலும் வோல்ட் தாழ்ந்துவிடுகிறது. மார்ச் முதல் மே வரை இது இன்னும் மோசம். பலூச்சாங், யேய்வா போன்ற நீர்மின் நிலையங்களை நம்பிய நாட்டில், மழைக்கு முந்தின மாதங்களில்தான் தண்ணீரும் குறைவு, விசிறியும் ஏசியும் இழுப்பதும் அதிகம்.

மோட்டார் தொடங்கும் முறுக்கு வோல்ட்டின் இருமடிக்கு ஏற்ப மாறும். 230க்குப் பதில் 168 என்றால் 0.73இன் இருமடி, அதாவது 53 விழுக்காடு முறுக்கு. இதில் கம்ப்ரசர் கிளம்பாது, ஆனால் நின்ற மோட்டாரின் கனத்த கரண்டை மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே இந்த வீட்டுக்கு எழுதித் தந்த முதல் விதி: கரண்ட் வந்ததும் விளக்கும் விசிறியும் மட்டும். பிரிட்ஜும் மோட்டாரும் மல்டிமீட்டரில் 190 வோல்ட் தாண்டிய பிறகு, ஒன்றன்பின் ஒன்றாக.

பிரிட்ஜ்

பிளக்கைப் பிடுங்கி, பின்பக்கம் கம்ப்ரசர் மூடியைக் கழற்றினால் மூன்று பின் தெரியும்: பொது, ஓட்டம், தொடக்கம். ஸ்டார்ட்டரையும், கரண்ட் மிஞ்சினால் அறுக்கும் ஓவர்லோடையும் உருவிவிட்டு ஓம் அளந்ததில் பொது-ஓட்டம் 14.2, பொது-தொடக்கம் 19.6, ஓட்டம்-தொடக்கம் 33.8. முதல் இரண்டின் கூட்டல் மூன்றாவதற்குச் சமம், ஆகவே சுற்றுகள் அறுகவில்லை. சுற்றுக்குள் ஷார்ட் இல்லை என்பதை மட்டும் இந்த அளவு முழுதாக உறுதி செய்யாது. அதை ஓட்டிப் பார்க்கும்போது கரண்ட் சொல்லும். ஒவ்வொரு பின்னுக்கும் கம்ப்ரசரின் செம்புக் குழாய்க்கும் இடையே மீட்டர் எதையும் காட்டவில்லை. இன்சுலேஷனைச் சோதிக்கும் 500 வோல்ட் மெகர் இருந்தால் இந்தச் சோதனை இன்னும் உறுதி. 2 மெகா ஓமுக்குக் கீழே இறங்கினால் கவலைப்பட வேண்டும்.

கம்ப்ரசர் நல்லது. கெட்டது அதன் பக்கத்தில் தொங்கும் சிறு பெட்டி. பிடிசி ஸ்டார்ட்டரைக் காதருகே ஆட்டியபோது உள்ளே சில்லு உருளும் சத்தம். பிரித்தால் வட்டத் தட்டு மூன்றாக உடைந்து, ஓரம் கருகி இருந்தது. நல்ல பிடிசி குளிர்ந்த நிலையில் 15, 22, 33 ஓம் போல ஏதோ ஒரு சிறு எண்ணைக் காட்டும், இது எதையும் காட்டவில்லை. இந்தத் தட்டு குளிர்ந்திருக்கும்போது தொடக்கச் சுற்றுக்குக் கரண்ட் விடும், ஒரு விநாடிக்குள் சூடேறித் தன் ஓமைப் பல்லாயிரமாக்கி வழியை அடைக்கும். அணைந்தபின் அது ஆறச் சில நிமிடம் வேண்டும். கரண்ட் போய்ப் போய் வந்தால் தட்டு சூடாகவே இருக்கும், கம்ப்ரசர் கிளம்பாது, ஓவர்லோடு அறுக்கும், மறுபடி முயலும். தாழ்ந்த வோல்ட்டில் இப்படி நூறு முறை நடந்தால் தட்டு வெடிக்கிறது. "டிக்" சத்தம் ஓவர்லோடின் இரட்டை உலோகத் தகடு அறுக்கும் சத்தம். அது தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதை நேர் வயர் போட்டுத் தாண்டினால்தான் கம்ப்ரசர் உண்மையாகவே போகும்.

புதிது வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பின் அமைப்பும் ஓம் எண்ணும் அதேதாக இருக்கட்டும். ஓவர்லோடு அந்தக் கம்ப்ரசரின் குதிரைத்திறனுக்குரியதாக இருக்க வேண்டும். "இதுவும் உட்காரும்" என்று கடையில் தரும் பெரிய எண் ஓவர்லோடு, அறுக்க வேண்டிய நேரத்தில் அறுக்காது. பிரிட்ஜ் சீட்டில் ஆர்600ஏ என்று இருந்தால் உள்ளே இருப்பது எரியும் வாயு. பக்கத்தில் சால்டர், தீப்பொறி எதுவும் கூடாது, குழாயைத் தொடவே கூடாது.

மாற்றியபின் 200 வோல்ட்டில் கிளாம்ப் மீட்டர் தொடக்கத்தில் 5 ஆம்பியரைத் தொட்டு, ஒரு விநாடிக்குள் 0.8க்கு இறங்கி நின்றது. முன்பு 5 ஆம்பியரே பத்துப் பதினைந்து விநாடி நின்றது. சுற்றுக்குள் ஷார்ட் இருந்தால் ஓட்டக் கரண்ட் இப்படித் தணிந்து நிற்காது. கம்ப்ரசர் மாற்றும் செலவு இந்தச் சின்னப் பெட்டியோடு முடிந்தது.

ஸ்டெபிலைசரும் ஸ்டெப்-அப்பும்

பிரிட்ஜ் ஒரு ரிலே ஸ்டெபிலைசரில் இருந்தது. அதன் உள்ளீட்டில் 197, வெளியீட்டில் லோடு இல்லாமல் 221. பிரிட்ஜ் கிளம்பும் நொடியில் வெளியீடு 190க்குக் குத்தி விழுந்தது. மூடியைத் திறந்து, 60 வாட் பல்பை லோடாக வைத்து ஒவ்வொரு ரிலேயின் தொடுமுனையையும் அளந்ததில் ஒன்றில் 2 வோல்ட்டுக்கு மேல். கால் ஆம்பியருக்கே இது. தொடுமுனை குழிந்து கருத்திருக்கிறது என்று பொருள். தேய்த்தால் இரண்டு வாரம் ஓடும், வெள்ளிப்பூச்சு போய்விட்டதால் மறுபடி கருகும். அதே காயில் வோல்ட், அதே ஆம்பியர், அதே கால் அமைப்பு உள்ள ரிலே மாற்றப்பட்டது. 12 வோல்ட் காயில் இருந்த இடத்தில் 24 போட்டால் ரிலே இழுக்காது. பின்பக்கம் உள்ள தாமதச் சுவிட்ச் 6 விநாடியில் கிடந்தது, 180 விநாடிக்கு மாற்றப்பட்டது. பிடிசி ஆறவும், கம்ப்ரசரின் இருபுற அழுத்தம் சமமாகவும் இந்த மூன்று நிமிடம் போதும்.

ஸ்டெபிலைசர் இல்லாத வோல்ட்டை உண்டாக்குவதில்லை. 150இல் இருந்து 220 ஆக்கினால் வெளியே 3 ஆம்பியருக்கு உள்ளே 4.4 இழுக்கும். தாழ்ந்த வயரை அது இன்னும் தாழ்த்துகிறது. ஆகவேதான் ஜாயின்ட் முதலில், ஸ்டெபிலைசர் பிறகு.

டிவியைக் கொன்றது வேறு: கையால் திருகும் ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மர். சிறிய டயலும் திருகும் குமிழும் வைத்த இந்தப் பெட்டி பல வீடுகளில் இன்றும் உண்டு. லைன் 150 இருக்கும்போது குமிழைத் திருகி 220க்குக் கொண்டுவந்தால் பெருக்கம் 1.47. அப்படியே விட்டுவிட்டுப் படுத்து, இரவில் லோடு குறைந்து லைன் 230 ஆனால் வெளியீடு 337 வோல்ட். டிவியின் உள்ளே அது நேர்மின்சாரமாகும்போது 337ஐ 1.414ஆல் பெருக்க வேண்டும்: 476 வோல்ட். உள்ளே இருக்கும் முதன்மைக் கெபாசிட்டரின் தாங்குதிறன் 400.

டிவியின் பவர் போர்டில் கண்ணாடி பியூஸ் உட்புறம் வெள்ளியும் கருப்புமாகப் பூசியிருந்தது. அது நேர் ஷார்ட்டின் அடையாளம். வயதாகி அறும் பியூஸில் இழை மட்டும் விட்டிருக்கும், கண்ணாடி தெளிவாக இருக்கும். அடுத்திருந்த நீல வட்ட வேரிஸ்டர், 10டி471, பிளந்திருந்தது. 471 என்றால் 470 வோல்ட்டில் கடத்தத் தொடங்கும், தொடர்ந்து தாங்குவது 300 ஏசி வோல்ட். 337இல் அது சூடேறி ஷார்ட் ஆகி பியூஸை அறுத்துப் பின்னால் இருந்ததைக் காப்பாற்றியிருக்கிறது. டிவியில் ஏசியை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிபயரும், சுவிட்ச் வேலை செய்யும் மாஸ்பெட்டும் மீட்டரில் ஷார்ட் காட்டவில்லை. கெபாசிட்டர் 82 மைக்ரோ பாரடுக்கு 79 காட்டியது, மேல்தட்டு உப்பவும் இல்லை. ஆனாலும் ஒருமுறை அடி வாங்கியது என்பதால், பெட்டியில் இடம் இருந்ததைப் பார்த்து 450 வோல்ட்டுக்கு மாற்றப்பட்டது. கை வைக்கும் முன் அந்தக் கெபாசிட்டரை 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததா என்று பார்க்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட் அதில் காத்திருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்வது கெபாசிட்டருக்கும் கெடுதல், கண்ணுக்கும் கெடுதல்.

புது வேரிஸ்டர், அதே அளவு பியூஸ், அதன்பின் நேரடி கரண்ட் அல்ல, 60 வாட் சீரியல் பல்பு. பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் கெபாசிட்டர் நிரம்பியது, ஷார்ட் இல்லை. முழுதாக எரிந்துகொண்டே இருந்தால் இன்னும் ஷார்ட் உள்ளே இருக்கிறது, புது பியூஸ் தப்பியது. இங்கே மின்னி மங்கியது.

ஸ்டெப்-அப்பை வீட்டார் விடத் தயாராக இல்லை. கோடையில் அது இல்லாமல் விளக்கே மங்கல் என்றார்கள், அது உண்மையும்கூட. ஆகவே அது இருக்கட்டும், ஆனால் வோல்ட் வரம்பு மீறினால் கரண்டை அறுக்கும் சேஃப்கார்டு அதற்குப் பின்னால் போகட்டும் என்று மாற்றப்பட்டது. முன்பு சேஃப்கார்டு லைன் பக்கம் இருந்தது. லைனில் 230 வந்தபோது அதற்கு எல்லாம் சரி, பின்னால் 337 ஓடியது அதற்குத் தெரியாது. இப்போது வரிசை: பிளக், ஸ்டெப்-அப், சேஃப்கார்டு, டிவி. மேல்வரம்பு 250, கீழ்வரம்பு 180, மறுஇணைப்புத் தாமதம் 180 விநாடி. குமிழை 230இல் இருந்து சோதனைக்காக ஏற்றிப் பார்த்ததில் 251இல் சேஃப்கார்டு அறுத்தது. இந்தச் சோதனையை டிவி இல்லாமல், பல்பை மட்டும் வைத்துச் செய்ய வேண்டும்.

ரைஸ் குக்கர், மோட்டார்

குக்கரின் தட்டு 69 ஓம், 700 வாட்டுக்குச் சரி. பிளக்கில் எதுவும் காட்டவில்லை. நடுவே நூல் உறைக்குள் மறைந்திருக்கும் வெப்பப் பியூஸ் அறுந்திருந்தது. அதன் உடம்பில் எழுதியுள்ள ஆம்பியரும் வெப்பநிலையும் அப்படியே வாங்க வேண்டும். நேர் வயர் போட்டால் அடுத்த முறை தீதான். சால்டர் வைத்தால் அந்தச் சூட்டிலேயே புதுப் பியூஸ் அறும், ஆகவே வயர்களைச் சிறு உலோகக் குழாய்க்குள் விட்டு நசுக்கித்தான் இணைக்க வேண்டும். ஆனால் பியூஸ் ஏன் அறுந்தது? தட்டின் நடுக் காந்தம் கழன்று விழுந்தும், அது தள்ளும் சுவிட்சின் தொடுமுனை ஒட்டிக்கொண்டு பிரியவில்லை. சோறு காய்ந்த பிறகும் தட்டு சூடேறியது. தாழ்ந்த வோல்ட்டில் குக்கர் கெடாது, ஆனால் 160இல் 700 வாட் 370 ஆகிறது, சோறு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுக்கிறது. சுவிட்ச் மாற்றப்பட்டது, பானைக்கடியில் ஒட்டிய பருக்கைகள் சுரண்டப்பட்டன. தட்டுக்கும் பானைக்கும் இடையே ஒரு பருக்கை கிடந்தாலே வெப்பம் ஒருபக்கமாக ஏறும்.

மோட்டார் அரைக் குதிரை. கெபாசிட்டரில் 10 மைக்ரோ பாரட் 450 வோல்ட் என்று இருந்தது, அளந்தால் 5.9. அதே அளவு போட்டதும் கிளம்பியது. அச்சு கையால் இலகுவாகச் சுற்றுகிறதா என்று கரண்ட் இல்லாதபோது பார்த்துவிட்டுப் போட வேண்டும். துருப்பிடித்த மோட்டாருக்குப் புதுக் கெபாசிட்டர் உதவாது.

இன்வர்ட்டர்

ஒரு பேட்டரி, 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி, அமிலம் ஊற்றும் வகை. லோடு மூன்று எல்இடி, ஒரு விசிறி, வைபை, எல்லாம் சேர்த்து 90 வாட். இன்வர்ட்டர் இழப்பைச் சேர்த்தால் பேட்டரியில் 9 ஆம்பியர் சொச்சம். பாதிக் கொள்ளளவைப் பயன்படுத்தினாலும் ஐந்து மணி நேரம் தாங்க வேண்டும்.

ஓய்வில் 12.4 வோல்ட், லோடில் சில நிமிடத்தில் 11.1. ஒவ்வொரு அறையாக, அமிலத்தின் அடர்த்தி காட்டும் ஹைட்ரோமீட்டர் வைத்ததில் ஐந்தில் 1.240, ஒன்றில் 1.120. அறைகளுக்கிடையே 0.050க்கு மேல் வேறுபாடு என்றால் தாழ்ந்த அறை போய்விட்டது. புதுப் பேட்டரிதான். ஆனால் புதியதும் இப்படியே சாகாமலிருக்கக் காரணத்தைத் தேட வேண்டியிருந்தது, அது பின்பக்கச் சுவிட்சில் கிடைத்தது. இன்வர்ட்டர் யுபிஎஸ் முறையில் இருந்தது. அந்த முறையில் லைன் 180க்குக் கீழே போனால் அது கரண்ட் போய்விட்டதாக எண்ணிப் பேட்டரிக்கு மாறிவிடும். மாலையில் கரண்ட் வந்து 168 நிற்கும் நேரமெல்லாம் இன்வர்ட்டர் சார்ஜ் ஏற்றாமல் பேட்டரியை மேலும் குடித்துக்கொண்டிருந்தது. கரண்ட் இருக்கும்போதே பேட்டரி காலியாகிறது. நான்கு மணி போய் நான்கு மணி வரும் முறையில் பேட்டரி ஒருநாளும் நிறையவில்லை, நிறையாத ஈயத் தகட்டில் சல்பேட் கெட்டிப்பட்டது. அகன்ற வோல்ட் முறைக்குச் சுவிட்சைத் தள்ளிய பிறகு 165இலும் சார்ஜ் ஏறுகிறது. மேசைக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே யுபிஎஸ் முறை தேவை.

சார்ஜ் உச்சியில் பேட்டரி முனையில் 14.4, நிறைந்தபின் 13.6 அளவில் நிற்க வேண்டும். புதியதை வைத்து அளந்ததில் 14.3, 13.6. காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டும், தகடு மூழ்கும் அளவு, சார்ஜ் ஏறிய பிறகு.

ஜெனரேட்டர் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒன்று. இரு முனையிலும் பிளக் வைத்த வயரால் ஜெனரேட்டரைச் சுவர் பிளக்கில் செருகுவதை இந்தக் கட்டடத்திலேயே பார்க்க முடிகிறது. மெயினை அணைக்க மறந்தால் அந்தக் கரண்ட் மீட்டர் வழியாகத் தெருவுக்குப் போகும், கம்பத்தில் ஏறியிருக்கும் தொழிலாளி கையில் பாயும். தெருக் கரண்ட் அதே நேரம் திரும்பினால் ஜெனரேட்டரும் போகும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாக மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் ஒன்று வைத்தால் இந்த ஆபத்து இல்லை.

மிச்சம் உள்ள வேலை

ஏறிவரும் 3/029ஐ 7/029 ஆக்கினால் 56 மீட்டருக்கு 0.33 ஓம்தான், கெட்டில் லோடில் இழப்பு 5 வோல்ட்டிலிருந்து 2க்கு இறங்கும். அதற்குப் படிக்கட்டுக் குழாயை மற்ற வீட்டாரோடு பேசித் திறக்க வேண்டும், மழை தொடங்குமுன் செய்ய வேண்டும். பிளக்குகளில் எர்த் இல்லை. பிரிட்ஜுக்கும் மோட்டாருக்கும் மட்டுமாவது தனி எர்த் வயர் இறக்க வேண்டும், அதோடு சேர்த்து 30 மில்லி ஆம்பியர் லீக்கேஜ் பிரேக்கர் ஒன்றும். மெயின் சுவிட்ச் மூடியின் உட்புறம் ஒரு அட்டை ஒட்டி, அதில் இன்றைய எண்கள் எழுதப்பட்டன: லோடில்லாமல் 206, கெட்டிலோடு மீட்டரடி 202, பிளக் 197, பிரிட்ஜ் ஓட்டம் 0.8 ஆம்பியர், மோட்டார் கெபாசிட்டர் 10, பேட்டரி 14.3. ஆறு மாதம் கழித்து அதே கெட்டிலோடு பிளக்கில் 190 என்று வந்தால், முதலில் திறக்க வேண்டியது அந்த நியூட்ரல் பெட்டி.